அமெரிக்க நகரப் பட்டியல்களைப் படிக்கும்போது எல்லைக்கோட்டையும் பாருங்கள்

அமெரிக்காவில் வேலை உறுதியானவுடன் நம்மவர்களில் பலரும் முதலில் தேடுவது ஊர்களின் தரவரிசைப் பட்டியல்களைத்தான். அவற்றில் உள்ள எண்கள் பெரும்பாலும் சரியானவையே; ஆனால் 'நகரம்' என்று எந்த எல்லைக்குள் எண்ணியிருக்கிறார்கள் என்பதை அறியாமல் படித்தால், வீணாகப் பயப்படவோ ஏமாறவோ நேரும்.

என் அக்காள் மகனுக்கு மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் வேலை கிடைத்தபோது, கொலை விகிதப் பட்டியல்களில் அந்நகரம் பல ஆண்டுகள் முன்வரிசையில் இருந்ததைப் படித்துவிட்டு அக்காள் இரண்டு இரவுகள் தூங்கவில்லை. 1876-இல் அந்நகரம் தன் கவுன்ட்டியிலிருந்து, அதாவது நம் மாவட்டம் போன்ற அமைப்பிலிருந்து, தனியே பிரிந்துகொண்டதால், அதன் எல்லை அன்று போட்ட கோட்டோடு நின்றுவிட்டது. 1950-இல் 8,56,796 பேர் வாழ்ந்த அந்த எல்லைக்குள் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 3,01,578 பேர் மட்டுமே. சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 28 லட்சம் பேர். விகிதம் காணும்போது வகுக்கும் எண் அந்த மூன்று லட்சம்தான். அமைதியான புறநகர்களையும் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் நகரத்தோடு இதை ஒப்பிடுவது முறையாகாது. குற்றப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் எஃப்.பி.ஐ.யே இத்தகைய தரவரிசைகள் கூடாது என்று எச்சரிக்கிறது. நகருக்குள் சில பகுதிகளில் உண்மையாகவே எச்சரிக்கை வேண்டும் என்பதையும் நான் மறைக்கவில்லை.

பையனின் பணி நியமனக் கடிதத்தில் செயின்ட் லூயிஸ் என்று இருந்தாலும், அலுவலகம் மேற்கே செஸ்டர்ஃபீல்ட் என்னும் புறநகரில் இருந்தது. நகர எல்லைக்கு வெளியே, கவுன்ட்டியில் இருக்கும் பல வீடுகளுக்கும் அஞ்சல் முகவரி செயின்ட் லூயிஸ் என்றே வரும். அவன் வீடு பிடித்ததும் பால்வின் என்னும் புறநகரில், இந்துக் கோயிலுக்கு அருகில். முதல் சம்பளச் சீட்டை அவன் எனக்கு அனுப்பியபோது, நகரம் விதிக்கும் 1 சதவீத வருவாய் வரி அதில் பிடிக்கப்படவில்லை என்பதை அவனுக்குச் சுட்டிக்காட்டினேன். நகருக்குள் குடியிருப்பவர்களும் அங்கே வேலை செய்பவர்களும்தான் அதைக் கட்ட வேண்டும். அவன் இருப்பதும் வேலை செய்வதும் பட்டியலில் வந்த அந்நகரத்துக்கு வெளியே என்று அக்காளுக்கு அதன்பிறகுதான் நம்பிக்கை வந்தது.

இதற்கு நேர்மாறானது ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். 1968-இல் டுவால் கவுன்ட்டியோடு ஒன்றாக இணைக்கப்பட்டதால், அலாஸ்காவை விட்டுவிட்டால் பரப்பளவில் அதுவே நாட்டின் மிகப்பெரிய நகரம். 2020-இல் அதன் மக்கள்தொகை 9,49,611, அட்லாண்டாவுக்கோ 4,98,715. பெருநகரப் பகுதியாகப் பார்த்தால் அட்லாண்டாவில் 60 லட்சம் பேர், ஜாக்சன்வில்லில் 16 லட்சம் பேர். அட்லாண்டாவைவிட இருமடங்கு பெரிய ஊர் என்று நம்பி, அதற்கேற்ற இட்லி அரிசிக் கடைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். புறநகர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் நியூயார்க்கைவிட லாஸ் ஏஞ்சலஸ்தான் மக்கள் நெருக்கம் மிகுந்தது என்பதும் இதே எல்லைக் கணக்கின் விளைவே.

ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்த முகவரி எந்த நகராட்சியில், எந்தக் கவுன்ட்டியில், எந்தப் பள்ளி மாவட்டத்தில் (அரசுப் பள்ளிகளுக்கான நிர்வாக எல்லை) வருகிறது என்பதைக் கவுன்ட்டியின் சொத்துப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிப் கோடு (நம் பின்கோடு போன்ற அஞ்சல் எண்) ஒன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். ஒரே ஜிப் கோடுக்குள் இரண்டு பள்ளி மாவட்டங்கள் வருவதுண்டு, தெருவின் இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒரு பள்ளிக்கும் எதிர்வீட்டுப் பிள்ளை வேறொரு பள்ளிக்கும் போவதுண்டு.