புராஸ்டேட் 'வீக்கம்' என்னும் சொல் குறித்து

அன்புடையீர்,

வணக்கம். முதிய ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெரிதாகும் நிலையை, அதாவது ஆங்கிலத்தில் 'பினைன் புராஸ்டேடிக் ஹைப்பர்பிளாசியா' எனப்படுவதை, தமிழில் 'புராஸ்டேட் வீக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் ஐயா எழுதியிருந்தார். வழக்கில் ஊன்றிய சொல்லைக் கைவிடலாகாது என்னும் அவருடைய கொள்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் இச்சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை.

அடிபட்டோ சீழ்பிடித்தோ புடைத்து, மருந்திட்டால் சில நாளில் வற்றிவிடுவதையே நம்மவர் வீக்கம் என்பர். புராஸ்டேட் அழற்சிக்கு வேண்டுமானால் அது ஓரளவு பொருந்தும். இங்கோ, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்த பகுதியில் உயிரணுக்களின் எண்ணிக்கையே ஆண்டுக்கணக்கில் கூடிக்கொண்டு போகிறது. என் தந்தையாருக்கு இதற்காக ஃபினாஸ்டெரைடு என்னும் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது 'வீக்கம்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். மூன்று வாரமாகியும் வற்றவில்லையே என்று அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இதே தொல்லைக்குத் தரப்படும் டாம்சுலோசின் என்னும் மருந்து தசையைத் தளர்த்துவதால் சில நாளிலேயே நீர் எளிதாக இறங்கும். ஃபினாஸ்டெரைடோ, சுரப்பியை வளர்க்கும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் உருவாவதைக் குறைத்து மெல்லச் சுருக்குவது, முழுப் பலன் தெரிய 6 மாதமாவது ஆகும். சில மாதங்கள் கழித்து ஓரிரவு நீர்க்கட்டு ஏற்பட்டு, அவருக்குக் குழாய் போட வேண்டியதாயிற்று. சொல் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன்; அதற்கும் பங்குண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே ஹைப்பர்பிளாசியாவுக்கு 'மிகைப்பெருக்கம்' என்பதே என் பரிந்துரை. ஆங்கிலத்திலும் முன்பு ஹைப்பர்ட்ரோபி என்றே பலர் எழுதிவந்தனர். அணுக்கள் பருப்பதல்ல, பெருகுவதே இங்கு முதன்மை என்பதால் அது வழக்கொழிந்தது.

'பினைன்' என்பதற்குத் 'தீங்கற்ற' என்பதை நான் அஞ்சுகிறேன். தீங்கற்றது என்று படித்தவர், நீர் தேங்கித் தேங்கிச் சிறுநீரகமே பழுதாகக்கூடும் என்பதை எவ்வாறு உணர்வார்? 'புற்றல்லாத' என்பது உண்மையை மட்டும் சொல்கிறது.

மற்றொரு நண்பர் முன்வைத்த 'சதையடைப்பு' அழகான சொல். மூலிகைக் குறிப்புகளில் கல்லடைப்போடு சேர்ந்தே வருவது. ஆனால் பெருக்கம் வேறு, அடைப்பு வேறு. மிகப் பெரிய சுரப்பி உள்ளவர் தடையின்றி நீர் கழிப்பதும், சற்றே பெருத்த சுரப்பி உள்ளவர் முக்கித் தவிப்பதும் உண்டு. முதிய ஆண்களின் சிறுநீர்த் தொல்லை அனைத்தையும் 'புராஸ்டேட்டிசம்' என்று புராஸ்டேட்டின் மேல் ஏற்றுவது தவறு என 1994இல் சிறுநீரியல் மருத்துவர் பால் ஆப்ராம்ஸ் வாதிட்ட பின்னரே, 'கீழ்ச் சிறுநீர்ப்பாதை அறிகுறிகள்' என்னும் பொருள்படும் தொடர் மருத்துவத்தில் நிலைபெற்றது. பெருக்கத்தால் பாதை உண்மையாகவே நெருக்குண்ட நிலைக்கு மட்டும் சதையடைப்பை ஒதுக்கிவைக்கலாம்.

புராஸ்டேட் என்பதற்கு 'முன்னிற்கும் சுரப்பி' என்பது அச்சொல்லின் கிரேக்கப் பொருளைச் செம்மையாகத் தருகிறது. எனினும் பரிசோதனைச் சீட்டில் புராஸ்டேட் என்றே இருப்பதால், நோயாளிக்காக அதையே வைத்துக்கொள்வோம்.

முழுப்பெயர் 'புற்றல்லாப் புராஸ்டேட் மிகைப்பெருக்கம்'. பேச்சில் 'புராஸ்டேட் பெருக்கம்' போதும். 'புற்றல்லா' என்பதா, 'புற்றிலா' என்பதா என்பதில் மட்டும் இலக்கணம் அறிந்தோர் கருத்தை வேண்டுகிறேன்.