1993 சிவிக்கில் 1999-இன் பி16 என்ஜின்: எந்த இசியூவை வைத்துக்கொள்வது?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டின் ஹோண்டா சிவிக், 1.5 லிட்டர் டி15பி7 என்ஜின், மேனுவல் கியர். பின்பக்கம் அடிபட்ட 1999 சிவிக் எஸ்ஐ ஒன்றைப் பிரிக்கிறார்கள். அதன் பி16ஏ2 என்ஜின், கியர்பாக்ஸ், ஒயரிங், இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாம் சேர்த்தே எனக்குக் கிடைக்கும். இரண்டுமே சிவிக் என்பதால் கழற்றி மாட்டிவிடலாம் என்று நம்பியிருந்தேன். கனெக்டர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பல பொருந்தவில்லை என்று தெரிந்தது. புதிய காரின் ஒயரிங்கையும் இசியூவையும் முழுவதுமாகக் கொண்டுவர வேண்டுமா, அல்லது என் காரில் உள்ளதை வைத்துக்கொண்டு என்ஜினை அதற்கு இணங்க வைக்க வேண்டுமா?

பதில் 1

உங்கள் காரின் ஒயரிங்கை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது ஓபிடி-1 (காரின் கணினி தன் கோளாறுகளைத் தானே கண்டறியும் முறையின் முதல் தலைமுறை) காலத்துக் கார். அந்த என்ஜினோ ஓபிடி-2 காலத்தது. அமெரிக்கச் சந்தையில் 1996 முதல் ஓபிடி-2 கட்டாயமானதால், ஹோண்டா அந்த ஆண்டில் இசியூவையும் கனெக்டர்களையும் மாற்றியது. 1999இல் மறுபடியும் ஒரு முறை மாற்றியது. பெயர் ஒன்றாக இருந்தும் பிளக் பொருந்தாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் அந்த மாற்றங்களில் பெரும்பகுதி என்ஜினை ஓட வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, கண்காணிப்பதற்காகச் செய்யப்பட்டவை. எடுத்துக்காட்டாக, உங்கள் பி16ஏ2-வில் கிராங்க் அருகே கூடுதலாக ஒரு சென்சார் இருக்கும். கிராங்கின் வேகத்தில் ஏற்படும் சிறு தடுமாற்றத்தைப் பார்த்து, எந்த சிலிண்டரில் எரிதல் தவறியது என்று கண்டுபிடிப்பதே அதன் வேலை. ஓபிடி-1 இசியூ அதைக் கேட்பதே இல்லை. இணைக்காமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது. பற்றவைப்புக்குத் தேவையான நிலைச் சென்சார்கள், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் இருக்கின்றன. ஆகவே பி வகை என்ஜினுக்கான ஓபிடி-1 டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினால் பாதி வேலை முடிந்தது. இன்ஜெக்டர், ஆல்டர்னேட்டர் பிளக்குகளை மட்டும் வெட்டி மாற்ற வேண்டியிருக்கும். வெட்டிய ஒயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். இன்று விட்ட சோம்பலுக்கு ஆறு மாதம் கழித்து மழையில் பதில் சொல்ல வேண்டி வரும்.

உங்கள் டி15பி7-இல் விடெக் (என்ஜின் வேகத்துக்கேற்ப வால்வுகளின் திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு) கிடையாது என்பதால், அதற்கான ஒயர்கள் உங்கள் ஹார்னஸில் (ஒயர்க் கட்டில்) இருக்காது. விடெக் சாலினாய்டு (விடெக்கை இயக்கும் மின்வால்வு), விடெக் எண்ணெய் அழுத்த சுவிட்ச், நாக் சென்சார் (என்ஜினில் வரும் தட்டலை உணரும் சென்சார்) ஆகிய மூன்றுக்கும் இசியூவிலிருந்து புதிதாக ஒயர் இழுக்க வேண்டும். இசியூவைப் பொறுத்தவரை, டெல் சோல் விடெக் என்ற ஹோண்டா காரில் வந்த பி30 இசியூ இருந்தால் அதுவே நேரான வழி. அது இந்த என்ஜின் குடும்பத்துக்காகவே எழுதப்பட்டது. பி28 என்ற இன்னொரு ஹோண்டா இசியூவில் நிரல் மாற்றிய சிப் போட்டும் ஓட்டலாம், ஆனால் அதற்கு நாக் சென்சார் வசதி இல்லை.

என்ஜினை உட்காரவைப்பது சுலபம். இடப்பக்க மவுண்ட் பிராக்கெட், இடைத்தண்டுடன் கூடிய டிரைவ் ஷாஃப்ட்டுகள், கியர் லிங்கேஜ் ஆகியவற்றை 1994–2001 இன்டெக்ரா காரிலிருந்து எடுத்தால் பொருந்திவிடும்.

பதில் 2

மேலே சொன்னது ஓட்டுவதற்குச் சரி. புகைச் சோதனைக்கும் அது சரிதானா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். கலிபோர்னியாவில் என்ஜின் காரின் ஆண்டுக்குப் பிந்தையதாக இருக்கலாம், முந்தையதாக இருக்கக் கூடாது; அதோடு அந்த என்ஜினுடன் வந்த மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் பொருத்தப்பட்டு வேலை செய்ய வேண்டும். அப்படிப்பட்ட விதி உள்ள இடத்தில், நண்பர் தேவையில்லை என்று ஒதுக்கிய அந்தக் கிராங்க் சென்சாரே உங்களுக்கு வேண்டியதாகிவிடும். ஓபிடி-2 இசியூவைக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழி இருக்காது. எது எளிது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்து, பிறகு எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பக் கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எங்கள் பகுதியில் புகையின் அளவை மட்டுமே பார்க்கிறார்கள், ஓபிடி பிளக்கைத் தொடுவதில்லை. எனவே ஓபிடி-1 வழியிலேயே போகிறேன். ஸ்பீடோமீட்டர் வேலை செய்யுமா? இன்னொன்று: என் தம்பிக்கு 2008ஆம் ஆண்டுக் கார் ஒன்று இருக்கிறது, அதிலும் இதே முறையில் செய்யலாம் என்கிறான்.

பதில் 1

ஸ்பீடோமீட்டர் வேலை செய்யும். இரண்டு கார்களிலும் வேகம் கியர்பாக்ஸில் உள்ள மின்சென்சாரிலிருந்தே வருகிறது, கேபிள் இல்லை. முதல் முறை ஓட்டும்போது செக் என்ஜின் விளக்கு எரிந்தால் சர்வீஸ் கனெக்டரின் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டு, விளக்கு மினுக்குவதை எண்ணுங்கள்: நீள மினுக்கல் ஒவ்வொன்றும் பத்து, குறுகிய மினுக்கல் ஒவ்வொன்றும் ஒன்று. 21 என்றால் விடெக் சாலினாய்டின் ஒயர். 22 என்றால் அழுத்த சுவிட்ச். புதிதாக இழுத்த ஒயர்களில்தான் முதலில் தவறு வரும். 22 வந்தால் ஒயரைப் பிடிப்பதற்கு முன் எண்ணெய் அளவையும் பார்த்துவிடுங்கள்.

தம்பியின் யோசனையை ஊக்குவிக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கார்களில் இசியூ, டேஷ்போர்டு, ஏபிஎஸ், இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு) எல்லாம் கேன் என்னும் இரண்டு ஒயர்களில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சாவிக்குள் இருக்கும் சிப்பை இசியூ அடையாளம் காணாவிட்டால், ஒயரிங் குறையில்லாமல் இருந்தாலும் என்ஜின் பிடித்து உடனே நிற்கும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. அங்கே என்ஜின் மாற்றுபவர்கள் சாவி, இம்மொபிலைசர், இசியூ மூன்றையும் ஒரே காரிலிருந்து ஒன்றாக எடுக்கிறார்கள். டேஷ்போர்டையும் சேர்த்தே எடுப்பது உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவந்தால், திரும்பப் போகும்போது அந்தக் கார் நசுக்கப்பட்டிருக்கும்.