‘கொழுப்பு நுண்துகள்’ வேண்டாம். ‘திண்மநெய் மருந்துக்காவி’ என்று வைப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

மருந்தைத் திண்மக் கொழுப்பின் மிக நுண்ணிய துணிக்கைகளுக்குள் வைத்துக் கொடுக்கும் ‘solid lipid nanoparticle’ என்பதற்கு, ‘கொழுப்பு நுண்துகள்’ என்று அண்ணா முன்வைத்த சொல்லுக்கு நான் உடன்படவில்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கிளினிக் வரிசையில் நிற்கிற ஓர் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கொழுப்பு என்றால் அவருக்கு இரத்தத்தில் கூடிப்போன கொலஸ்திரோல்தான். அதைக் குறைக்கும் அற்றோவாஸ்ரற்றினையே ‘கொழுப்புக் குளிசை’ என்றுதான் கேட்டு வாங்குவார். கொழுப்பில் செய்த மருந்து என்று சொல்லிக் கொடுத்தால் குடிக்கமாட்டார். பாடநூல் பாணியில் ‘இலிப்பிட்டு நனோத்துணிக்கை’ என்றால் பிழையில்லை, உயர்தர மாணவருக்கு விளங்கும். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்பதை அந்தச் சொல் காட்டவில்லை.

வேலையைப் பார்ப்போம். நீரில் கரையாத மருந்துகள் பல, குடலில் சரியாக உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். மலேரியாவுக்குக் கொடுக்கும் லூமிபான்ரினை எடுங்கள். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால், வெறுவயிற்றில் எடுப்பதைவிட 16 மடங்கு வரை கூடுதலாக உடலில் சேரும். பாலோடு குடிக்கச் சொல்வது அதனால்தான். அந்தச் சாப்பாட்டின் வேலையை மருந்துக்குள்ளேயே வைத்துவிடுகிறது இந்த முறை. உடல் வெப்பத்திலும் உருகாத கிளிசரைல் மொனோஸ்டியரேற்று போன்ற ஒரு திண்மக் கொழுப்பைச் சூடாக்கி உருக்கி, மருந்தை அதில் கரைத்து, எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடிக்கும் பொருள் கலந்த சுடுநீரில் உயர் அழுத்தத்தில் சிதறடித்து ஆறவிடுவார்கள். 50 முதல் 1000 நனோமீற்றர் வரையான துணிக்கைகள் கிடைக்கும்.

குடலில் கொழுப்பைச் செரிக்கும் இலிப்பேசு நொதியம் அவற்றை உடைக்கும். பித்த உப்புகள் மருந்தையும் சேர்த்து நுண்திரள்களாக்கி, குடற்சுவரில் உணவை உறிஞ்சும் சடைமுளை வரை கொண்டுபோகும். உள்ளே போன நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் மறுபடி கொழுப்பாகி, மருந்தில் ஒரு பங்கை ஏற்றிக்கொண்டு நிணநீர்க் குழாய்க்குள் இறங்கும். நிணநீர் கழுத்தடியில்தான் இரத்தத்தோடு கலக்கிறது. ஆகவே அந்தப் பங்கு குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போகாமல், முதற்சுற்றிலேயே அங்கே சிதையாமல் தப்புகிறது. இந்த முறையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

தொடக்கம் முதல் முடிவு வரை நடப்பது காவுதல், அதாவது சுமந்துபோதல். நெல்மூட்டை காவுவது, தண்ணி காவுவது என்று எங்கள் பக்கத்தில் நாளாந்தம் புழங்கும் சொல் அது. ‘காவி’ என்றால் நோயைப் பரப்பும் ‘நோய்க்காவி’யான நுளம்பை நினைவூட்டுமே என்று தங்கச்சி கேட்டது நியாயம். வன்னியில் மலேரியாவோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த நினைவு வரத்தான் செய்யும். ஆனால் அது நோயைக் காவுவது, இது மருந்தைக் காவுவது. அதே கணக்கில் ‘நெய்க்காவி’ என்று மட்டும் வைத்தால் நெய்யைக் காவுவது என்றாகிவிடும். எனவே ‘மருந்து’ நடுவில் வேண்டும்: திண்மநெய் மருந்துக்காவி. நெய் என்றால் பசுநெய் மட்டுமல்ல, நல்லெண்ணெயிலும் வேப்பெண்ணெயிலும் இருப்பது அதே நெய்தான். மருந்து காவும் இன்னொரு வகையான, நடுவில் நீர் தங்கும் கொழுப்புப் படலக் குமிழியான லிப்போசோமிலிருந்து ‘திண்மம்’ இதைப் பிரித்தும் காட்டும். ‘நனோ’ தேவையானவர்கள் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

திண்மநெய் மட்டும் இருந்தால், நாட்பட இறுகிப் பளிங்காகும்போது மருந்தை வெளியே தள்ளிவிடும். அதற்காகத் திரவ எண்ணெயும் கலந்து செய்யும் அடுத்த வகையைக் ‘கலப்புநெய் மருந்துக்காவி’ எனலாம். மறுப்பிருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, மருந்து கொடுக்கும் யன்னலடியில் நிற்பவர்கள் எழுத வேண்டும்.