புதுப்பிப்பு: மோவாபில் ஏடிவி ஓட்ட பர்மிட் மட்டும் போதாது

மோவாப் ஊர் இருக்கும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பொது நிலங்களில் வெளிமாநிலத்தவர் ஏடிவி (கரடுமுரடான தடங்களில் ஓட்டும் சிறிய நான்கு சக்கர வண்டி) ஓட்ட, வண்டிக்கு ஒரு பர்மிட் வாங்கி ஒட்டினால் போதும் என்று போன வாரம் இந்த இழையில் எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி, மன்னிக்கவும்.

பர்மிட் வண்டிக்கு. ஓட்டுகிற ஆளுக்குத் தனியாகப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதம் இல்லை. 18 வயது நிரம்பியவர்களுக்கு இணையத்திலேயே இலவசம், ஒருமுறை முடித்தால் போதும். சிறுவர்களுக்கு வேறு பாடம், அதற்குக் கட்டணம் உண்டு. வாடகைக்கு எடுத்து ஓட்டினாலும் சான்றிதழ் தேவை. நாங்கள் நான்கு பேர் மாறி மாறி ஓட்டப்போகிறோம், அதனால் நால்வருமே முடித்துவிட்டோம்.

அப்புறம், பக்கத்திலிருக்கும் ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களுக்குள் ஏடிவிக்கு அனுமதியே கிடையாது. பர்மிட் இருக்கிறதே என்று உள்ளே போய்விடாதீர்கள்.

வெளியிலும் குறித்த தடத்தை விட்டு இறங்காதீர்கள், தயவுசெய்து. அங்கே மண்மேல் கருப்பாகப் பொருக்குத் தட்டியிருப்பது உயிருள்ள படலம். சக்கரம் ஏறி நொறுங்கினால் அது மீண்டு வரப் பல பத்தாண்டுகள்கூட ஆகும்.