4கே டிஸ்க் போட்டா படம் வெளிறிப்போய் இருக்கு, சத்தமும் சப்புன்னு இருக்கு. டிஸ்க்கே இப்படியா?

வீட்டுத்திரை77
அவசர உதவி. புது 4கே டிஸ்க் போட்டுப் பார்த்தேன். சாம்பல் பூசின மாதிரி படம் வெளிறிப்போய் இருக்கு. போதாக்குறைக்கு திரை முழுக்க பொடிப்பொடியா புள்ளி ஓடுது. சத்தம் அதைவிட மோசம், பேசறது கேக்கல, பேஸ் (அடித்தொனி) சுத்தமா இல்ல. இதே படம் ஸ்ட்ரீமிங்ல எவ்வளவோ தேவலை. டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ரெண்டு நாள்தான் இருக்கு. டிஸ்க் கோளாறா, இல்ல எல்லாமே இப்படித்தானா? செட்டிங் எல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கேன்.

மௌனவாசகன்
என்ன டிவி? என்ன பிளேயர்? சத்தம் டிவியிலேருந்தா, சவுண்ட்பாரா, ரிசீவரா? ஷார்ப்னஸ் எவ்வளவுல இருக்கு? ஒண்ணுமே சொல்லலையே ப்ரோ.

கேபிள்காரன்
கேபிள்தான். பெட்டியோட வந்ததைத் தூக்கிப் போட்டுட்டு 18 கிகாபிட் பிரீமியம் எச்டிஎம்ஐ கேபிள் மாட்டுங்க. பத்துக்கு எட்டு கேஸ் இதுதான்.

டெசிபல்தாசன்
டிஸ்க் ஓடும்போது சவுண்ட்பார் அல்லது ரிசீவர் டிஸ்ப்ளேல என்ன எழுத்து வருது? பிசிஎம்மா (பிளேயரே பிரிச்சு அனுப்பற ஒலி), டால்பி டிஜிட்டலா, அட்மாஸா (சுத்தியும் மேலேயும் கேக்கற டால்பி ஒலி)? அந்த ஒரு வார்த்தை தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

நிட்ஸ்1000
"செட்டிங் எல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கேன்" என்று தொடங்கும் இழைகளில் கோளாறு எப்போதும் செட்டிங்கில்தான் இருக்கும். மருத்துவரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்கிறீர்கள். இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாயிற்று, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். டிஸ்க் பழுதாக இருந்தால் படம் உறையும், கட்டம் கட்டமாக உடையும், காட்சி தாவும், அல்லது பிளேயர் படிக்கவே மறுக்கும். வெளிறிப்போவது டிஸ்க்கின் வியாதி அல்ல.

வீட்டுத்திரை77
55 இன்ச் 4கே டிவி, எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலா காட்டற வசதி) உண்டு. பிளேயர் புதுசு. அட்மாஸ் சவுண்ட்பார். கேபிளும் புதுசுதான்.

மௌனவாசகன்
பிளேயரிலேருந்து கேபிள் டிவிக்குப் போகுதா, சவுண்ட்பாருக்குப் போகுதா? டிஸ்க் ஓட ஆரம்பிக்கும்போது டிவி மூலையில எச்டிஆர் லோகோ வருதா? ஷார்ப்னஸும் கேட்டிருந்தேன்.

வீட்டுத்திரை77
டிவிக்கு. டிவியிலேருந்து சவுண்ட்பாருக்கு ஆர்க் (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ வழியா வெளிய அனுப்பறது). டிஸ்க் ஓடும்போது சவுண்ட்பார்ல பிசிஎம்னு வருது, ஸ்ட்ரீமிங்ல அட்மாஸ்னு வருது. லோகோ... டிஸ்க்ல வரல. நீங்க கேட்ட அப்புறம்தான் கவனிச்சேன்.

டெசிபல்தாசன்
வந்தாச்சு விஷயம். உங்க சவுண்ட்பாருக்கு டிஸ்க்கோட ஒலி போகவே இல்ல, அதோட எலும்புக்கூடுதான் போகுது.

டிஸ்க்ல இருக்கற அட்மாஸ், டால்பி ட்ரூஎச்டிக்குள்ள உக்காந்திருக்கும். சுருக்கினாலும் இழப்பு இல்லாத ஒலி, சராசரியாவே சில எம்பிபிஎஸ் ஓடும். சாதாரண ஆர்க் வழியில அதுக்கு இடம் கிடையாது. ஸ்ட்ரீமிங்ல வர்ற அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ்ல வருது, அது 768 கேபிபிஎஸ் அளவுதான், ஆர்க்ல தாராளமா நுழையும். அதனாலதான் சின்னது பெருசா கேக்குது, பெருசு சின்னதா கேக்குது.

இதுக்கு மேல உங்க பிளேயர்ல டிஜிட்டல் ஆடியோ பிசிஎம்ல இருக்கு. டிவி "எனக்கு ரெண்டு சேனல்தான் தெரியும்"னு சொன்னதும் பிளேயர் எட்டு சேனலையும் ரெண்டாக் கலக்கிடும். அப்படிக் கலக்கும்போது சப்வூஃபருக்குன்னே தனியா இருக்கற எல்எஃப்இ சேனலை வழக்கமா விட்டுடுவாங்க, பேஸ் காணாமப்போன இடம் அதுதான். வசனத்துக்கான நடு சேனலும் இடது வலதுல கரைஞ்சு பின்னணி இசையோட மல்லுக்கட்டும்.

பண்ண வேண்டியது: பிளேயர் ஆடியோ மெனுவுல பிசிஎம்மை பிட்ஸ்ட்ரீம்னு (ஒலியைப் பிரிக்காம அப்படியே அனுப்பறது) மாத்துங்க. அதே பக்கத்துல செகண்டரி ஆடியோ, இல்லன்னா பிடி ஆடியோ மிக்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. ஆன்ல இருந்தா மெனு சத்தம், கமெண்டரி எல்லாம் கலக்கறதுக்காக பிளேயர் மெயின் டிராக்கைப் பிரிச்சு மறுபடி கட்டும், அட்மாஸ் தகவல் அங்கேயே செத்துடும். டைனமிக் ரேஞ்ச்னு (சத்தத்தோட ஏற்ற இறக்கத்தைக் குறைக்கறது) இருந்தா ஆட்டோ வேண்டாம், ஆஃப். அப்புறம் சவுண்ட்பார் பின்னாடி எச்டிஎம்ஐ இன் இருக்கான்னு பாருங்க. இருந்தா பிளேயரை நேரா அதுல சொருகுங்க. இல்லன்னா டிவி, சவுண்ட்பார் ரெண்டுலயும் இ-ஆர்க் (ஆர்க்கோட அகலமான புது வடிவம்) இருக்கணும், ரெண்டுலயும் மெனுவுல ஆன் பண்ணியும் இருக்கணும். அதுவும் இல்லன்னா பிட்ஸ்ட்ரீம் வெச்சாலே டிஸ்க்ல துணைக்கு இருக்கற 640 கேபிபிஎஸ் டால்பி டிஜிட்டல் 5.1 கிடைக்கும். இப்ப கேக்கறதைவிட அது எவ்வளவோ மேல். டிடிஎஸ் (டால்பிக்குப் போட்டியான ஒலி வடிவம்) டிஸ்க்னா உஷார், சில டிவி டிடிஎஸ்ஸை ஆர்க் வழியா விடவே விடாது.

நிட்ஸ்1000
படத்துக்கு வருவோம். லோகோ வரவில்லை என்றால் டிவிக்கு எச்டிஆர் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டுகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது சாதாரண நிலையில் இருக்கும். பிளேயர் "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்கும்போது சாதாரண நிலையில் உள்ள போர்ட் எச்டிஆர் பற்றி மூச்சே விடாது. உடனே பிளேயர் 10-பிட், பிடி.2020 (விரிந்த நிற வரம்பு) படத்தைத் தானே எஸ்டிஆராக, அதாவது எச்டிஆர் இல்லாத சாதாரணப் படமாக, இறக்கி அனுப்பிவிடும். நீங்கள் பார்க்கும் சாம்பல் அதுதான். ஸ்ட்ரீமிங் ஆப் டிவிக்குள்ளேயே ஓடுவதால் இந்தத் தடை அதற்கு இல்லை.

சோனியில் இது என்ஹான்ஸ்டு ஃபார்மேட், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் டீப் கலர். பிளேயர் சொருகியிருக்கும் அதே போர்ட்டுக்கு ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிளேயரில் எச்டிஆர் ஆட்டோ, 24பி (வினாடிக்கு 24 பிரேம்) ஆன். பிறகு டிவி ரிமோட்டில் இன்ஃபோ அழுத்துங்கள்: 3840×2160, 24 ஹெர்ட்ஸ், எச்டிஆர்10 அல்லது டால்பி விஷன் (இரண்டும் எச்டிஆர் வகைகள்) என்று வர வேண்டும். 1080 என்று வந்தால் எச்டிசிபி 2.2 (நகல் தடுப்புப் பூட்டு) இல்லாத போர்ட்டில் சொருகியிருக்கிறீர்கள்.

இதற்குப் பிறகும் கருப்பு வெளுத்திருந்தால் பிளாக் லெவல். வீடியோவில் கருப்பு 16, வெள்ளை 235. டிவி அதை 0 முதல் 255 என்று எண்ணிப் படித்தால் கருப்பு சாம்பலாகும். தலைகீழாக நடந்தால் இருட்டில் நிற்பவரின் தலைமுடியும் சுவரும் ஒரே மை. இரண்டு பெட்டிகளிலும் ஆட்டோ வைத்துவிட்டு, மேலும் கீழும் கருப்புப் பட்டை வரும் படம் ஒன்றை அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். எல்இடி டிவியில் பட்டை முழுக் கருப்பாகாது, அந்தச் சலுகையைக் கொடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேபிள்காரன்
எல்லாம் சரி, ஆனா சாதா கேபிள்ல எச்டிஆர் போகாதே சார்?

நிட்ஸ்1000
கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 24 பிரேம், 4கே, 4:2:2 (நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்து அனுப்பும் முறை) என்றால் எச்டிஎம்ஐயில் வினாடிக்கு 8.91 கிகாபிட். பழைய 10.2 கிகாபிட் கேபிளே சுமந்துவிடும். 60 ஹெர்ட்ஸில் வரும் பிளேயர் மெனுவுக்குத்தான் 17.82 தேவை. கேபிள் பலவீனம் என்றால் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், திரை சில வினாடி கருத்து மீளும், அதுவும் மெனுவில்தான் முதலில் தெரியும். டிஜிட்டல் கேபிள் படத்தைக் கொஞ்சமாக வெளுக்காது.

கேபிள்காரன்
10 மீட்டர் இழுத்தா?

நிட்ஸ்1000
55 இன்ச் டிவிக்கு யார் 10 மீட்டர் இழுக்கிறார்கள்?

பழையரீல்
புள்ளி ஓடுதுன்னு சொன்னதை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. அது கிரெயின், பிலிமோட இயல்பான துகள். பிலிமில் எடுத்த படமா இருந்தா அது இருக்கத்தான் வேணும், அதுதான் படமே. 500டி மாதிரி வேகமான, அதாவது குறைஞ்ச வெளிச்சம் போதும்ங்கற பிலிமில் இரவுக் காட்சி எடுத்தா தடிப்பாத் தெரியும், 50டியில் பகல் காட்சின்னா மாவு மாதிரி இருக்கும். 16 மில்லிமீட்டர்னா இன்னும் பெருசு.

கிரெயினா, கம்ப்ரஷன் (படத்தோட டேட்டாவைச் சுருக்கறது) விட்ட அழுக்கான்னு பிரிக்க ஒரு வழி இருக்கு. வெளிர் சாம்பல் சுவரோ, வானமோ வர்ற ஷாட்டை நிறுத்தி வெச்சு பிரேம் பிரேமா நகர்த்துங்க. ஒவ்வொரு பிரேமிலும் புள்ளி முழுசா இடம் மாறி, திரை முழுக்க ஒரே சீரா பரவியிருந்தா கிரெயின். எழுத்து, தோள், மரக்கிளை மாதிரி விளிம்பை ஒட்டிக் கொசு மொய்க்கிற மாதிரி இருந்தாலோ, இருட்டுல சின்னச் சின்னக் கட்டமாத் தெரிஞ்சாலோ கம்ப்ரஷன். ஸ்ட்ரீமிங்ல 15, 20 எம்பிபிஎஸ்ல கிரெயினைத் தாங்க முடியாம என்கோடர் (படத்தைச் சுருக்கற மென்பொருள்) அதை மழுக்கிடும். அதைத்தான் இவர் "தேவலை"ன்னு சொல்றார்.

சுத்தப்படம்
அதான் படமே, அதான் படமேன்னு எத்தனை நாள் சொல்வீங்க? தியேட்டர் பிரிண்ட் ரெண்டு மூணு தலைமுறை நகல். கேமரா நெகட்டிவ்ல இருக்கற கிரெயினை அன்னைக்கு யாரும் இவ்வளவு கூர்மையாப் பார்த்ததே இல்ல. 4கே ஸ்கேன், அதுக்கு மேல எச்டிஆர், வெளிச்சமான இடத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. லேசா நாய்ஸ் ரிடக்ஷன் (புள்ளியை வடிகட்டற சல்லடை) போட்டா என்ன குடி முழுகிடும்?

பழையரீல்
லேசாப் போடறவங்க யாரு? முகத்தைப் பாருங்க. கன்னத்துல மயிர்க்கால், நெத்திச் சுருக்கம், சட்டை நெசவு, இதெல்லாம் கிரெயின் அளவுலயே இருக்கற விவரம். சல்லடை ரெண்டையும் சேர்த்துத்தான் அள்ளும். மிச்சம் மெழுகு பொம்மை. அப்புறம் மெழுகு தெரியக்கூடாதுன்னு மேல செயற்கை கிரெயின் தூவறாங்க.

ஒண்ணு ஒத்துக்கறேன். பழைய படங்கள்ல ஒரு காட்சி கரைஞ்சு அடுத்த காட்சி வரும்போது கிரெயின் சட்டுனு தடிக்கும், நிறமும் ஒரு படி இறங்கும். அந்தக் கரைசல் (டிசால்வ்) முடிஞ்ச நொடியில பளிச்சுனு தெளியும். அந்தத் துண்டு மட்டும் ஆப்டிக்கல் நகல் (பிலிமை மறுபடி பிலிமிலேயே படம் பிடிச்சது), அதனால அப்படி. அந்த இடத்துல அளவோட சமன் பண்ணினா எனக்கு ஆட்சேபம் இல்ல.

சுத்தப்படம்
அப்ப அளவோட பண்ணலாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. இதைத்தானே நானும் கேட்டேன்.

மௌனவாசகன்
ரெண்டு பேரும் தனி இழை தொடங்குங்க சாமி. 77 சார், ஷார்ப்னஸ் 3வது தடவையா கேக்கறேன். கிரெயின் இருக்கற படத்துல ஷார்ப்னஸ் ஏத்தி வெச்சா ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி கோடு போட்டு மணல் மாதிரி ஆக்கிடும். சில டிவியில நடுநிலை 0, சிலதுல 50, எண்ணை நம்பாதீங்க. கருப்பு எழுத்தைச் சுத்தி வெள்ளை ஓரம் மறையற வரைக்கும் இறக்குங்க. மோஷன் ஸ்மூத்திங் (அசைவை வழவழப்பாக்கறது), டிவியோட நாய்ஸ் ரிடக்ஷன் ரெண்டும் ஆஃப். சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடு. எச்டிஆர் வந்ததும் டிவி வேற பிக்சர் மோடுக்குத் தாவும், அதுக்குத் தனியா மறுபடி வைக்கணும்.

உக்கார்ற தூரமும் சொல்லுங்க. 55 இன்ச்ல 1080பி பிக்சல் ஒண்ணு 0.63 மில்லிமீட்டர். சராசரிக் கண்ணுக்கு 2.2 மீட்டர் தாண்டினா அதுவே தனியாத் தெரியாது. 3 மீட்டர்ல உக்காந்துட்டு 4கே கூர்மை எங்கேன்னு தேடினா கிடைக்காது, அங்க வித்தியாசம் காட்டறது எச்டிஆரும் நிறமும்தான்.

வீட்டுத்திரை77
என்ஹான்ஸ்டு ஆன் பண்ணினேன், லோகோ வந்துடுச்சு. பிட்ஸ்ட்ரீம் போட்டு சவுண்ட்பார்லயே சொருகிட்டேன், அட்மாஸ்னு காட்டுது. பேஸ் இருக்கு. புள்ளி இன்னும் இருக்கு, பரவாயில்ல. டிஸ்க்கைத் திருப்பல. எல்லாருக்கும் நன்றி.

டெசிபல்தாசன்
நல்லது. ரெண்டு விஷயம். இப்ப படமும் சவுண்ட்பார் வழியாத்தான் டிவிக்குப் போகுது. எச்டிஆர்10ஐ மட்டும் டிவிக்குப் போக விட்டு, டால்பி விஷனை மறிக்கற சவுண்ட்பார் உண்டு. டிஸ்க் அட்டையில டால்பி விஷன்னு போட்டிருந்து டிவியும் அதை ஏத்துக்கும்னா, எந்த லோகோ வருதுன்னு பாருங்க. சவுண்ட்பாரை டிவியில எந்த போர்ட்ல சொருகியிருக்கீங்களோ, அதுலயும் என்ஹான்ஸ்டு ஆன்ல இருக்கணும். லோகோ வந்துடுச்சுன்னு சொல்றீங்க, கேபிளை மாத்தறதுக்கு முன்னாடி வந்ததா, அப்புறமும் வருதா?

இன்னொண்ணு, ஸ்ட்ரீமிங்கோட ஒப்பிடும்போது வால்யூம் எண்ணைப் பார்க்காதீங்க. டால்பியில டயலாக் நார்மலைசேஷன்னு (வசனச் சத்தத்தைச் சமன்படுத்தறதுக்கு) ஒரு குறியீடு உண்டு. ஒரு டிராக்ல அது -27, இன்னொண்ணுல -31னா முதல் டிராக் 4 டெசிபல் தாழ்ந்து கேக்கும். கொஞ்சம் சத்தமா இருக்கறது எப்பவும் நல்லாத்தான் கேக்கும். ஒரே வசனத்தை ரெண்டுலயும் ஓட்டி, போன்ல சத்த மீட்டர் ஆப் வெச்சு ஒரு டெசிபலுக்குள்ள சமன் பண்ணிட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க.

கேபிள்காரன்
புது கேபிளா இருந்ததாலதான் ஒரே செட்டிங்ல சரியாப்போச்சு.

மௌனவாசகன்
புள்ளி இன்னும் இருக்குன்னு சொல்றாரே. 77 சார், ஷார்ப்னஸ் எவ்வளவு?