1985, பிரிட்டன்: அந்த வருஷத்துப் பாட்டில் எது இன்னும் உங்களை விட்டுப் போகவில்லை?

வெம்பிளிக்காரன்
லைவ் எய்ட் (எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட வெம்பிளி ஸ்டேடியத்தில் நடந்த கச்சேரி) என்றாலே எல்லோரும் குயீன் என்ற ராக் குழுவின் புராணம்தான் பாடுவார்கள். அதை விடுகிறேன். ஜூலை 13 அன்று ஸ்டேடியத்திலிருந்து ஒரு மைல் தள்ளி ஒரு பெட்ரோல் ஷெட்டில் எனக்கு வேலை. டிக்கெட் 25 பவுண்டு. அதில் 20 நன்கொடைதான், ஆனால் என் சம்பளத்துக்கு எட்டாது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன டிவி. பகல் 12 மணிக்கு ஆரம்பித்தது, இரவு பத்தாகப் போகிறது. பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்து 'லெட் இட் பீ' தொடங்கினார். வாய் அசைகிறது, பியானோ கேட்கிறது, குரலைக் காணோம். நம்ம டிவிதான் மக்கர் பண்ணுகிறது என்று பக்கவாட்டில் ஓர் அடி போட்டேன். இரண்டாவது அடியில் ஏரியல் முறிந்து கையோடு வந்துவிட்டது. படமும் போச்சு.

அப்போதுதான் திறந்திருந்த கதவு வழியாக வெளியிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. எழுபதாயிரம் பேர் சேர்ந்து பாடினால் அது பாட்டு மாதிரி இருக்காது, கடல் மாதிரி இருக்கும். அவருடைய மைக்தான் வேலை செய்யவில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது. ஏரியல் காசை முதலாளி அந்த வாரமே பிடித்துக்கொண்டார். அது போகட்டும். ஒரு மைல் தூரத்துக்கு அதெல்லாம் கேட்டிருக்காது அப்பா, நீங்களாகக் கற்பனை செய்கிறீர்கள் என்று என் மகன் இப்போது சொல்கிறான். அதுதான் உறுத்துகிறது.

மதுரை மப்ளர்
எனக்குப் பாப் தெரியாது. இசையமைப்பாளர் ஹாண்டெல் பிறந்து 300 வருஷம் என்று அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் அவர் பேச்சு. நான் ஜவுளி படிக்க வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்பீல்டில் இருந்தேன். டிசம்பரில் வீட்டுக்கார அம்மா டவுன் ஹாலுக்கு ஹாண்டெலின் 'மெசாயா' என்ற கிறிஸ்தவக் கூட்டிசை கேட்கக் கூட்டிப்போனார். அந்த ஊரில் அது கிறிஸ்துமஸுக்குக் கேக் மாதிரி, இல்லாமல் முடியாது. ஒரு வார்த்தை புரியவில்லை, தூக்கம் வேறு. திடீரென்று ஹால் முழுக்க எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஹல்லேலூயா! நம்மூரில் மங்களம் பாடினால் எழுந்திருப்போமே, அதுபோல முடிந்துவிட்டது என்று நினைத்து மப்ளரைச் சுற்றி, கைப்பையை எடுத்து, முழங்கால்களைத் தாண்டித் தாண்டி நடைவழிக்கு வந்துவிட்டேன். கோரஸ் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடைவழியில் நான் மட்டும், சிவப்பு மப்ளரோடு. இன்னும் மூன்றாம் பாகம் முழுசாக இருக்கிறது. சோப்ரானோ அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே பாட ஆரம்பித்த மாதிரி இருந்தது. திரும்பி அத்தனை முழங்காலையும் தாண்ட வெட்கப்பட்டுச் சுவரோரமாக நின்றே மீதியைக் கேட்டேன். அந்த மூன்றாம் பாகம்தான் எனக்கு இப்போது பிடிக்கும். ஏன் என்று கேட்காதீர்கள்.

பிழைதிருத்தி
யாராவது வந்து ஹல்லேலூயாவுக்குப் பிரிட்டிஷ் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் எழுந்து நின்றார், அதிலிருந்து வந்த வழக்கம் என்று சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: அதற்குச் சமகாலச் சான்று கிடையாது. 'மெசாயா' முதலில் அரங்கேறியதே லண்டனில் இல்லை, 1742இல் டப்ளினில். மன்னர் கதை பல வருஷம் கழித்து எழுதிய ஒரு கடிதத்தில்தான் தலை காட்டுகிறது. மப்ளர் அக்கா, உங்கள் மங்களம் உவமையும் சரியில்லை, இது நடுவில் வருகிறது. வெம்பிளி அண்ணன், நீங்கள் விட்ட குயீன்தான் அந்த நாளின் விஷயமே. சுமார் 21 நிமிஷம். மைக் கெட்டதைப் போய்...

என் கதை சின்னது. அந்த வருஷம் லண்டன் புரூக் தெருவில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. 25ஆம் எண்ணில் ஹாண்டெல் இருந்தாராம், ஒட்டினாற்போல 23இல் 1968–69இல் ராக் கிதார்க்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். ஒருவர் ஜெர்மனியிலிருந்து வந்து 1727இல் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவர், இன்னொருவர் அமெரிக்கர். எனக்கு அன்று இது எதுவும் தெரியாது. படியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றேன். எந்த வீட்டுப் படி என்று இன்றைக்கும் நினைவுக்கு வரவில்லை.

கசெற்85
நான் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா கடிதத்துக்குப் பதில் கசெற்றில் பேசி அனுப்புவார். உங்களில் சிலருக்கும் அப்படி வந்திருக்கும். ஆகஸ்ட் கடைசி, ஞாயிறு பின்னேரம், பிபிசி ரேடியோ 1இல் ரொப் 40, அந்தக் கிழமை கூட விற்ற நாற்பது பாட்டு, போகிறது. பாடகி கேட் புஷ்ஷின் புதுப் பாட்டைப் பதிய வேண்டும், வெறும் கசெற் இல்லை. கையில் அகப்பட்டதைப் போட்டேன். அறிவிப்பாளர் வாய் திறக்கமுன் நிறுத்த வேண்டும் என்பதிலேயே கவனம், லேபிளைப் பார்க்கவில்லை.

ஒரு கிழமை கழித்துத்தான் கேட்டேன். பாட்டு முடிகிறது, 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு அப்பா: "சரி மகன், கசெற் முடியப் போகுது. வைக்கிறன்." அவ்வளவுதான் மிச்சம். முதலில் என்ன சொல்லியிருந்தார் என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டி வருமே.

ஹைஃபை அங்கிள்
ரொம்ப வருத்தம் தம்பி. எனக்கும் அந்த வருஷத்துக் கேசட் நிறைய உண்டு, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பம் உட்பட. எல்லோரும் அதை சிடியில் வாங்கினார்கள், என்னிடம் சிடி பிளேயர் இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்து விடுங்கள், இனி யாரும் அதன்மேல் பதிய முடியாது. உடனே பிளே செய்யாதீர்கள். பல வருஷமாகக் கிடந்த டேப் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் போடுங்கள். பிளேயரின் ஹெட்டையும் (டேப்பைப் படிக்கிற பாகம்) ரப்பர் உருளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும், ஹெட்டுக்கும் உருளைக்கும் வேறு வேறு பஞ்சு. கேசட்டுக்குள் டேப்பை ஹெட்டோடு அழுத்துகிற சின்ன பஞ்சுத் திண்டு இருக்கும், பசை போய் அது விழுந்திருந்தால் குரல் மங்கலாகக் கேட்கும். வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். டால்பியை (இரைச்சல் குறைக்கிற பொத்தான்) அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றுங்கள், சுருக்குகிற எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாக. இன்னொன்று, அப்போதெல்லாம் ஞாயிறு ரொப் 40க்கு மட்டும் ரேடியோ 2இன் எஃப்எம் அலைவரிசையை ரேடியோ 1க்குக் கொடுப்பார்கள், ஆகவே அந்தப் பதிவு ஸ்டீரியோவில் இருந்தாலும் இருக்கும்.

கசெற்85
பாட்டு ஸ்டீரியோதான் அங்கிள். அப்பா மோனோ. துண்டு இரண்டையும் உடைத்துவிட்டேன். பிளேயரில் இன்னும் போடவில்லை.