விண்டோஸ் 11-ல் எஸ்பி ஃபிளாஷ் டூல்: போர்ட் வந்து உடனே மறையுது, 'சென்ட் டிஏ ஃபெயில்' எரர்

டேபிள்_லேம்ப் (கேள்வி)

வணக்கம். விண்டோஸ் 11 லேப்டாப்ல, மொபைலுக்கு சாஃப்ட்வேர் ஏத்துற எஸ்பி ஃபிளாஷ் டூல் 5-ஆம் வெர்ஷன் போட்டிருக்கேன். மொபைல் செட்ல இருக்கிறது மீடியாடெக் எம்டி6765 சிப், ஆண்ட்ராய்டு 10-ஓட வந்த மாடல். லோகோவிலேயே நிக்குது. ஆஃப் பண்ணி கேபிள் போட்டா டிவைஸ் மேனேஜர்ல பிரீலோடர் போர்ட் 2, 3 செகண்ட் காட்டிட்டு காணாமப் போயிடுது, அப்புறம் சார்ஜிங் சின்னம்தான். வால்யூம் பட்டன் பிடிச்சுக்கிட்டு போட்டா டூல் உடனே 'சென்ட் டிஏ ஃபெயில்'னு நிக்குது. டிரைவர் தப்பா, டூல் தப்பா? 'ஃபார்மேட் ஆல்' கொடுத்தா ஏறிடும்னு சொல்றாங்க, செய்யலாமா? உள்ளே இருக்கிற போட்டோ எல்லாம் கஸ்டமருக்கு வேணும்.

வால்யூம்_கீ

பிரீலோடர் போர்ட் 2 செகண்ட்ல மறையுறது கோளாறு இல்லை நண்பரே, அதோட இயல்பே அதுதான். செட் பவர் வாங்கினதும் பிரீலோடர்ங்கிற ஆரம்ப நிரல் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்க்கும், யாரும் கூப்பிடலைன்னா பூட் பண்ணப் போயிடும். அதனால முதல்ல டூல்ல டவுன்லோட் அழுத்திட்டு, அதுக்கப்புறம்தான் கேபிள் போடணும்.

டிரைவரை ஒரு தடவை சரியாப் பார்த்துடுங்க. டிவைஸ் மேனேஜர்ல 'மீடியாடெக் பிரீலோடர் யூஎஸ்பி விகாம்'னு வந்தா சரி. வெறும் 'யூஎஸ்பி சீரியல் டிவைஸ்'னு வந்தா விண்டோஸ் தன்னோட பொது டிரைவரை மாட்டியிருக்கு. 'ஆக்‌ஷன்' மெனுவுல 'ஆட் லெகசி ஹார்ட்வேர்' போய், கையால தேர்வு, போர்ட்ஸ், 'ஹேவ் டிஸ்க்' வழியா விகாம் டிரைவரோட ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டுங்க. போட்டு முடிச்சதும் மஞ்சள் முக்கோணத்தோட 'கோடு 10' காட்டும். செட் மாட்டாததால வர்றது அது, பயப்பட வேண்டாம். ஆனா 'கோடு 52' வந்தா டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பம் செல்லலைன்னு அர்த்தம். கையொப்பம் உள்ள டிரைவரைத் தேடிப் போடுறதுதான் நல்லது. அது கிடைக்கலைன்னா ஷிஃப்ட் பிடிச்சுக்கிட்டு ரீஸ்டார்ட், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், 7-ஆம் எண். கையொப்பச் சோதனை நிக்கும், ஆனா அடுத்த ரீஸ்டார்ட் வரைக்கும் மட்டும்தான். இந்த மெனுவுக்குள்ள போகும்போது பிட்லாக்கர் இருக்கிற லேப்டாப் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கலாம். அதை முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க, இல்லைன்னா உங்க லேப்டாப்பே பூட்டிக்கும்.

டூல் ஃபோல்டரையும் ஃபேர்ம்வேரையும் (செட்டுக்குள்ள ஏத்தப் போற சாஃப்ட்வேர்) நேரா சி டிரைவ்லயே பிரிச்சு வைங்க. ஃபோல்டர் பேர்ல இடைவெளி, தமிழ் எழுத்து வேண்டாம். சில நேரம் ஸ்கேட்டர் ஃபைல் (மெமரியில எந்தப் பகுதி எங்கே இருக்குன்னு சொல்ற பட்டியல்) லோட் ஆகாம அடம்பிடிக்கிறது இதனாலதான்.

ரீட்பேக்

டிஏ எரருக்கு வருகிறேன். வால்யூம் பட்டனைப் பிடித்துக்கொண்டு மாட்டும்போது செட் 'பிராம்' நிலைக்குப் போகிறது. அது சிப்புக்குள்ளேயே எழுதப்பட்ட பூட் ரோம். இந்தத் தலைமுறை செட்களில் பல, நிறுவனத்தின் அனுமதிக் கோப்பு இல்லாமல் டவுன்லோட் ஏஜென்ட்டை (டிஏ, டூல் செட்டுக்குள் அனுப்பும் சிறு நிரல்) உள்ளே விடாது. அதனால்தான் டூல் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. உங்கள் டிரைவரில் குற்றமில்லை.

எம்டி6765-க்கு இந்தத் தடையைத் தற்காலிகமாக நீக்கும் ஓப்பன் சோர்ஸ் பைபாஸ் நிரல் இருக்கிறது. 64 பிட் பைதானை நிறுவுங்கள். நிறுவும்போது 'ஆட் டு பாத்' டிக் விட்டுப் போகக்கூடாது. பிறகு யூஎஸ்பிடிகே என்ற யூஎஸ்பி டிரைவர், அதன் பின் பைதானுக்கு பையூஎஸ்பி, ஜேசன்5 ஆகிய இரண்டு துணை நிரல்கள். நிரலை ஓடவிட்டு, ஆஃப் நிலையில் இரண்டு வால்யூம் பட்டனையும் அழுத்தியபடி கேபிளை மாட்டுங்கள். 'புரொடெக்‌ஷன் டிஸேபிள்டு' என்று வந்ததும் பட்டனை விடலாம், கேபிளை மட்டும் எடுக்கவே கூடாது. எடுத்தால் தடை திரும்பிவிடும்.

பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில். ஃபிளாஷ் டூலின் ஆப்ஷன்ஸ், கனெக்‌ஷன் பகுதியில் யூஎஸ்பி என்று இருப்பதை யூஆர்ட் (சீரியல் போர்ட் வழி) என மாற்றி, டிவைஸ் மேனேஜரில் தெரியும் அதே காம் போர்ட் எண்ணையும் 921600 வேகத்தையும் தேர்ந்தெடுங்கள். யூஎஸ்பியிலேயே விட்டால் டூல் புதிதாக ஒரு செட் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும்.

'ஃபார்மேட் ஆல்' வேண்டவே வேண்டாம். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அது என்வி ராம் பகுதியையும் சேர்த்துத் துடைக்கும். ஐஎம்இஐ (செட்டின் அடையாள எண்), வைஃபை முகவரி, ரேடியோ அளவீடுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த அளவீடுகள் ஒவ்வொரு போர்டுக்கும் தனி, எந்த ஃபேர்ம்வேர் ஃபைலிலும் கிடைக்காது. எழுதுவதற்கு முன் படித்து வையுங்கள்: 'ரீட்பேக்' டேபில் என்விராம், என்விடேட்டா, என்விசிஎஃப்ஜி, புரொடெக்ட்1, புரொடெக்ட்2, பெர்சிஸ்ட், புரோஇன்ஃபோ. ஒவ்வொன்றின் தொடக்க முகவரியும் நீளமும் ஸ்கேட்டர் ஃபைலிலேயே 'லீனியர் ஸ்டார்ட்', 'பார்ட்டிஷன் சைஸ்' வரிகளில் இருக்கும். நோட்பேடில் திறந்து அப்படியே காப்பி செய்யுங்கள், கையால் தட்டச்சு செய்தால் ஒரு பூஜ்யம் தவறிவிடும். படித்த ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் முகவரி தவறு.

போட்டோவைப் பொறுத்தவரை, ஆண்ட்ராய்டு 10-ஓடு வந்த செட்டில் யூசர்டேட்டா (போட்டோ முதலியவை இருக்கும் பகுதி) குறியாக்கத்தில் இருக்கும். அதைப் படித்து வைத்தாலும் வெளியே திறக்க முடியாது. அதே போர்டு, அதே ஆண்ட்ராய்டு பூட் ஆனால்தான் திறக்கும். ஆகவே 'டவுன்லோட் ஒன்லி' வைத்து, பிரீலோடர், யூசர்டேட்டா இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள். செட்டில் இருந்த அதே பில்டு எண், அல்லது அதைவிடப் புதியது. பழையதை ஏற்றினால் குறியாக்கச் சாவி பொருந்தாமல் டேட்டா திறக்காது. பூட்லோடரை (ஆண்ட்ராய்டைத் தொடங்கி வைக்கும் நிரல்) அன்லாக் செய்தாலும் டேட்டா அழிந்துவிடும். போட்டோ கிடைத்துவிடும் என்று கஸ்டமருக்கு உறுதி கொடுக்காதீர்கள், முயல்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

டேபிள்_லேம்ப்

ரொம்ப நன்றி. பைபாஸ் ஆச்சு, யூஆர்ட்ல போர்ட்டும் பிடிச்சுது. இப்போ 'எனேபிள் டிராம் ஃபெயில் 4032'. ரீட்பேக் கூட ஆகலை.

வால்யூம்_கீ

4032-ன்னா டூலால ராமை எழுப்ப முடியலை. ராம் எப்படி ஓடணும்ங்கிற செட்டிங் பிரீலோடர் ஃபைலுக்குள்ள இருக்கு. ஒரே மாடல் பேர்ல ரெண்டு மூணு மெமரி சிப் வகை வரும், அதனால பேரை மட்டும் பார்த்து எடுத்த ஃபேர்ம்வேர் ஒத்துப் போகாது. போர்டுல இருக்கிற மெமரி சிப் எண்ணையும், செட்டோட முழு மாடல் எண்ணையும் பார்த்து ஃபேர்ம்வேர் மாத்திப் பாருங்க.

அதுக்கு முன்னாடி எளிய விஷயம்: பேட்டரி. லோகோவிலேயே சுத்திச் சுத்திப் பேட்டரி காலியாகியிருக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் தர்றது 500 மில்லி ஆம்பியர்தான். மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, 3.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தா சார்ஜ் ஏத்திட்டு வாங்க. ஹப் வேண்டாம், டேட்டா போற குட்டையான கேபிளா போடுங்க. ரெண்டும் சரியா இருந்தும் 4032 வந்தா மெமரி சிப்போ அதுக்கு அடியில இருக்கிற சால்டரோதான். அது சாஃப்ட்வேர் வேலை இல்லை.

காம்_7

லினக்ஸ்ல செய்யறவங்களுக்கு: தனி டிரைவர் தேவையில்லை, ஆனா மோடம் மேனேஜர் சர்வீஸ் போர்ட்டை முந்திப் பிடிச்சுக்கும். அதை நிறுத்திட்டு, யூசரை 'டயல்அவுட்' குரூப்ல சேர்த்து லாக்அவுட் பண்ணி உள்ளே வாங்க.

இன்னொண்ணு. 'ஆன்டிவைரஸை முழுசா ஆஃப் பண்ணிட்டு ஓட்டு'ன்னு வர்ற கிராக் டூல்களைத் தொடாதீங்க. உலாவியில சேமிச்ச பாஸ்வேர்டை அள்ளிட்டுப் போற நிரல்கள் அதுல ஒட்டிக்கிட்டு வரும். ஃபிளாஷ் வேலைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தனியா வைங்க, அதுல பேங்க், மெயில் எதையும் திறக்காதீங்க.

ரீட்பேக்

ஃபிளாஷ் முடிந்தபின் முதல் பூட் பல நிமிடம் எடுக்கும், நடுவில் பட்டனை அழுத்த வேண்டாம். உள்ளே வந்ததும் *#06# போட்டு, வரும் எண்ணை பெட்டியிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். காலியாக வந்தால் படித்து வைத்த என்விராம், என்விடேட்டா இரண்டையும் அதே போர்டில் திரும்ப எழுதுங்கள். வேறு செட்டின் ஃபைலை ஒருபோதும் எழுதாதீர்கள். ஐஎம்இஐ-யை மாற்றுவதற்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பழைய செட் வேலைக்கு வந்தால், வாங்கும்போதே கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். திருட்டு என்று முடக்கப்பட்ட செட்டாக இருந்தால் பதிலிலேயே தெரிந்துவிடும்.